கீசரில் இரைச்சல்: நாமே கழற்றிப் பார்க்கலாமா, ஆளை அழைக்க வேண்டுமா?

கீழக்கரை மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு கீழக்கரையில், கடலிலிருந்து இரண்டு தெரு உள்ளே இருக்கிறது. குளியலறைச் சுவரில் 25 லிட்டர் கீசர் ஒன்றை மாட்டி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நம் பக்கத்து வெயிலுக்குக் கீசர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம் இருப்பதால், சுபுஹுத் தொழுகைக்கு ஒளுச் செய்வதற்கும் குளிப்பதற்கும் வெந்நீர் இல்லாமல் முடியாது. ஆகவே எங்கள் வீட்டில் அது ஆண்டு முழுவதும் ஓடுகிறது.

கடந்த இரண்டு மாதங்களாக அதிலிருந்து இரைச்சல் வருகிறது. சுவிட்சைப் போட்ட ஐந்தாறு நிமிடங்களில், உலை கொதிப்பதற்குச் சற்று முன் பானை பாடுமே, அதைப் போன்ற ஓசை தொடங்குகிறது. பிறகு எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பதைப் போல ‘டப், டப்’ என்று தொட்டிக்குள் தட்டுகிறது. முன்பு இரண்டு வாளி நிறைய வெந்நீர் கிடைக்கும். இப்போது சிவப்பு விளக்கு சீக்கிரமே அணைந்துவிடுகிறது, ஒன்றரை வாளிக்குள் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடுகிறது. சூடேறும் நேரத்தில் அடியில் உள்ள வால்விலிருந்து தண்ணீரும் சொட்டுகிறது. அதைப் பார்த்த பிளம்பர் ஒருவர், அந்த முனைக்கு ஒரு மூடி போட்டு அடைத்துவிடலாம் என்றார். எனக்கு மனம் ஒப்பாததால் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மேல் தொட்டிக்கு ஏறுவது எங்கள் வீட்டுப் போர் தண்ணீர். குடிநீர் வடிகட்டி மாட்ட வந்தவர் அளந்து பார்த்தபோது அதில் கரைந்திருக்கும் உப்பு லிட்டருக்கு 2,400 மில்லிகிராம் என்று காட்டியது. காவிரித் தண்ணீர் முறை வைத்து வருவதால், அதைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் பிடித்து வைக்கிறோம்.

என் தம்பி காணொளிகள் சிலவற்றைப் பார்த்துவிட்டு, அடிமூடியைத் திறந்து, தண்ணீரைச் சூடாக்கும் காயிலை வெளியே எடுத்து எலுமிச்சை உப்பில் (சிட்ரிக் அமிலம்) ஊறப்போட்டுத் தேய்த்தால் போதும், 150 ரூபாய்க்கு மேல் செலவாகாது என்கிறான். இராமநாதபுரத்தில் உள்ள சர்வீஸ் ஆளைக் கேட்டால் பத்து நாள் கழித்துத்தான் வர முடியும் என்றும், வந்து பார்ப்பதற்கே 450 ரூபாய் என்றும் சொல்கிறார். வளைகுடாவில் இருக்கும் என் கணவர், எதையும் தொடாதீர்கள் என்று தொலைபேசியில் சொல்கிறார். எதுவரை நாங்களே செய்யலாம், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

உச்சிப்புளி மின்பணியாளர் (ஓய்வு) எழுதியது:

மகளே, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் ஒரு வேலை சொல்கிறேன், அதை இன்றைக்கே செய்யுங்கள். மெயின் போர்டில் கீசருக்கான எம்சிபியை (மிகை மின்சாரத்தில் தானாக விழும் சுவிட்சை) இறக்கிவிட்டு, 16 ஆம்பியர் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி, பகல் வெளிச்சத்தில் அதன் மூன்று கால்களையும் சாக்கெட்டின் மூன்று துளைகளையும் பாருங்கள். கால்களில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா, துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறதா, கருகிய வாடை வருகிறதா என்று பார்த்து எழுதுங்கள். இரைச்சல் காதில் விழுவதால் உங்கள் கவனம் முழுவதும் தொட்டியின் மேல் இருக்கிறது. ஆனால் நான் இந்தக் கரையில் வயரிங் வேலை பார்த்த 31 ஆண்டுகளில், கீசர் என்று அழைத்த வீடுகளில் பாதிக்கு மேல் பிளக்கையும் சாக்கெட்டையும்தான் முதலில் மாற்ற வேண்டியிருந்தது. 2,000 வாட் காயில் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். உப்புக்காற்றில் களிம்பேறிய இணைப்பில் ஐந்து வோல்ட் இழப்பு ஏற்பட்டால்கூட, அந்தச் சின்ன இடத்தில் 40 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாகிறது. அது சத்தம் போடாது. அதனால்தான் அதை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

இனி ஓசைக்கு வருகிறேன். கீசர் எழுப்பும் ஒலிகள் எல்லாம் ஒன்றல்ல. சூடு போதிய அளவுக்கு வந்ததும் ‘டக்’ என்று ஒரு முறை கேட்பது தெர்மோஸ்டாட் துண்டிக்கும் ஒலி. அது இயல்பானது. குழாயை மூடியவுடன் சுவருக்குள் ‘டம்’ என்று அடித்தால், ஓடிவந்த தண்ணீர் திடீரென்று நின்று குழாயை மோதுகிறது என்று பொருள். குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்ந்திருக்கும். விசில் போன்ற ஒலி வந்தால் கீசருக்குப் போகும் தண்ணீரைத் திறந்து மூடும் ஆங்கிள் காக் பாதி திறந்த நிலையில் நிற்கலாம். இடைவிடாத ரீங்காரமாக இருந்தால் காயில் தன் இருக்கையில் தளர்ந்திருக்கலாம், அல்லது மின் இணைப்பு தளர்ந்திருக்கலாம். நீங்கள் எழுதியிருக்கும் உலைப் பாட்டும் கடுகு வெடிப்பும் இவற்றில் சேராதவை. அவை உப்புப் படிவின் ஒலிகள்.

அது எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் முடிவெடுப்பது எளிது. சர்க்கரை சூட்டில் அதிகம் கரையும், சுண்ணாம்புச் சத்து அதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடேறும்போது சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாகிப் படிகிறது. தொட்டிக்குள் அதிகச் சூடான இடம் காயில்தான் என்பதால், அதன் மேல்தான் ஓடு கட்டுகிறது. அந்த ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டு. அவற்றுக்குள் சிக்கிய நீர், சுற்றியுள்ள தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்போதே கொதித்து ஆவியாகி, குமிழாக வெளியே வந்து, குளிர்ந்த நீரைத் தொட்டவுடன் சுருங்கி உடைகிறது. நீங்கள் கேட்கும் ‘டப்’ அந்த உடைசல்தான். ஓட்டிலிருந்து உதிர்ந்த சில்லுகள் அடியில் சேர்ந்து, அவற்றுக்குக் கீழேயும் இதே கூத்து நடக்கும்.

வெந்நீர் குறைந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். உப்பு ஏறிய காயில் கரண்ட்டை அதிகம் தின்னும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல, ஏனென்றால் நீரில் மூழ்கிய காயிலின் வெப்பம் தாமதமாகவேனும் தண்ணீருக்குத்தான் போய்ச் சேரும். நடப்பது வேறு: காயிலை ஒட்டியிருக்கும் தெர்மோஸ்டாட் குழலையும் உப்பு சேர்த்துப் பூசிவிடுவதால், மொத்தத் தண்ணீரும் சூடாவதற்கு முன்பே அது போதும் என்று துண்டித்துவிடுகிறது. உங்கள் சிவப்பு விளக்கு சீக்கிரம் அணைவது இதோடு பொருந்துகிறது. காயிலின் உலோகமோ, நீருக்குள் வெப்பத்தை விட முடியாமல் தன் அளவுக்கு மீறிச் சூடேறி, ஒரு நாள் உறை வெடித்துத் தண்ணீரிலேயே மின்கசிவை உண்டாக்கும்.

வால்வு சொட்டுவதைப் பற்றிப் பிளம்பர் சொன்னதை நீங்கள் தடுத்தது மிகப் பெரிய காரியம். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குச் சூடாக்கினால் அது அரை லிட்டருக்கும் சற்று மேலாக விரியும். நான்-ரிட்டர்ன் வால்வு அதைத் திரும்பிப் போக விடாததால், விரிந்த நீர் சேஃப்டி வால்வு வழியாகச் சொட்டாக வெளியேறுகிறது. சூடேறும்போது மட்டும் சொட்டி, ஆறியபின் நின்றுவிட்டால் அந்த வால்வு தன் கடமையைச் செய்கிறது. இரவு பகலாகச் சொட்டினால் அதன் இருக்கையில் உப்பு மாட்டியிருக்கிறது, மாற்ற வேண்டும். எந்த நிலையிலும் அதை அடைக்கக் கூடாது. ஒரு வீட்டில் அந்த முனையில் மரக்குச்சியைச் செதுக்கி, துணி சுற்றி, சுத்தியலால் அடித்து இறுக்கி வைத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். தெர்மோஸ்டாட்டும், சூடு அளவை மீறினால் மின்சாரத்தை நிறுத்தும் கட்-அவுட்டும் சேர்ந்து பழுதானால், அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். தொட்டி பிளக்கும் நொடியில் அதில் ஒரு பங்கு அப்படியே ஆவியாகும். ஆவி, தான் இருந்த நீரின் கன அளவைப் போல 1,600 மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்தக் குச்சியைப் பிடுங்கிய பிறகுதான் நான் அந்த வீட்டில் காபி குடித்தேன்.

ஆகவே என் கணக்கு இது. மூடிக்கு வெளியே இருப்பவை உங்களுடையவை: பிளக்கைப் பார்ப்பது, ஒலியைக் கவனித்துக் குறிப்பது, சூட்டின் அளவை மாற்றும் திருகு குமிழைக் குறைப்பது, தொட்டியை வடித்துக் கழுவுவது, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்ப்பது. மூடிக்கு உள்ளே இருப்பவை தெரிந்தவருடையவை. உங்கள் தம்பியின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. காயிலைக் கழற்றுவது யாராலும் முடியும். திரும்ப மாட்டும்போது தண்ணீர் கசியாமல் அடைக்கும் கேஸ்கட் சீராக உட்கார்ந்ததா, நில இணைப்பு (எர்த்) இறுகியதா என்று பார்ப்பதும், மின்கசிவைத் தடுக்கும் காப்புத்தடை சரியாக இருக்கிறதா என்று அதை அளக்கும் மெகர் கருவியை வைத்துச் சோதிப்பதும்தான் வேலை. நம் மணல் பூமியில் கோடையில் எர்த் குழி காய்ந்து, கசியும் மின்சாரம் நிலத்துக்குள் சரியாக இறங்காது என்பதால், மற்ற ஊர்களில் தப்பிக்கும் தவறு இங்கே தப்பிக்காது.

தங்கச்சிமடம் வாசகி எழுதியது:

சகோதரி, ஐயா சொன்னதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். ஆனாலும் எல்லாவற்றுக்கும் ஆளை எதிர்பார்த்துக் காத்திருக்க முடியாத பாம்பன் தீவில் இருப்பவள் என்ற முறையில், என் அனுபவத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

என் அப்பத்தா வீட்டில் விறகு போட்டு எரிக்கும் செம்புப் பாய்லர் இருந்தது. உப்புத் தண்ணீர் காய்ச்சிக் காய்ச்சி உள்ளே வெள்ளையாகப் பூத்துவிட்டால், அப்பத்தா புளியைக் கரைத்து ஊற்றி ஒரு பகல் வைத்திருந்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கவிழ்ப்பார். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கீசரையும் அப்படியே திறந்து தேய்த்துவிடலாம் என்றுதான் தோன்றும். அந்தப் பாய்லர் மேலே திறந்த பாத்திரம், அதில் கரண்ட்டும் இல்லை, அழுத்தமும் இல்லை. அந்த வேறுபாட்டை நான் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

முதல் மூன்று ஆண்டுகள் நான் செய்தது வெறும் வடிப்புதான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, முதல் நாள் இரவே எம்சிபியை இறக்கி, பிளக்கையும் பிடுங்கி வைத்துவிடுவேன். காலையில் தொட்டி நன்றாக ஆறியிருக்கும். உள்ளே வரும் தண்ணீரின் ஆங்கிள் காக்கை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்து, சேஃப்டி வால்வின் சிறு கைப்பிடியைத் தூக்கினால், மேலே காற்று புகுந்து அடியில் உள்ள நீர் வடிமுனை வழியாக இறங்கும். ஒரு வாளியை அடியில் வைத்து, அதன் வாயில் வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டிவிடுவேன். முதல் முறை அந்தத் துணியில் தங்கியதை இன்றும் மறக்கவில்லை. உடைந்த முட்டை ஓடு போன்ற பழுப்பு வெள்ளைச் சில்லுகளும், கையில் தேய்த்தால் நறநறக்கும் நுண்மணலும் இரு கைப்பிடி அளவு சேர்ந்திருந்தன. பிறகு ஆங்கிள் காக்கைச் சற்றே திறந்து புதுத் தண்ணீரால் அடியைக் கலக்கி மறுபடி வடிப்பேன். தெளிவாக வரும்வரை மூன்று நான்கு முறை ஆகும். ‘டப், டப்’ ஓசை அதன் பிறகு பாதியாகக் குறையும்.

இதில் இரண்டு எச்சரிக்கை. உப்பு ஏறிய பழைய வால்வைத் தூக்கிவிட்டால் சில நேரம் அது திரும்ப முழுதாக மூடாது. ஆகையால் கடை திறந்திருக்கும் நாளில், காலையில் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் வேண்டாம். மற்றொன்று, வெந்நீர்க் குழாயில் காற்றுக் குமிழ் இல்லாமல் தண்ணீர் சீராகக் கொட்டும்வரை, அதாவது தொட்டி நிரம்பும்வரை, சுவிட்சைப் போடக் கூடாது. வெறும் தொட்டியில் காயில் எரிந்தால் சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும்.

நான்காம் ஆண்டில் வடிப்பு போதவில்லை, காயிலைத்தான் கழற்ற வேண்டும் என்று ஆனது. விசைப்படகு இயந்திரத்தையே பிரித்து மாட்டுகிற என் தம்பி ஸ்பானரை எடுத்தான். ஆறு நட்டுகளில் ஐந்து வந்தன. ஆறாவது துரு ஏறிப் பிடித்திருந்தது. எண்ணெய் விட்டு ஊற வைத்து, மறுநாளும் முயன்று, நீளக் குழாயைச் செருகி அழுத்தியபோது நட்டு அசையவில்லை, தொட்டியோடு பற்றவைத்திருந்த திருகாணியே முறிந்தது. முறிந்த இடத்தில் உள்பூச்சும் விரிசல் விட்டதால் தொட்டி கசிந்தது, அதற்கு மாற்று கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். 500 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய்ப் புதிய கீசர் வாங்கினோம். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பையே இந்தக் காற்று என்ன பாடு படுத்தியது என்று அன்றாடம் பார்த்துக்கொண்டு வாழ்ந்த எங்களுக்கு, குளியலறைத் திருகாணியைப் பற்றி அந்த நினைப்பு வராமல் போயிற்று. உங்கள் தம்பி அடிமூடியைத் திறப்பதானால், திறந்தவுடன் நட்டுகளின் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடச் சொல்லுங்கள். செம்பழுப்பாகப் பொரிந்திருந்தால் தொடவே வேண்டாம்.

கீழக்கரை மகள் எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னபடி பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். இடப்பக்கத் துளையைச் சுற்றி ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தின் அளவுக்குத் தேன் நிறத்தில் பழுத்து, ஓரம் சற்று உருகி உள்வாங்கியிருக்கிறது. பிளக்கின் அதே பக்கத்துக் கால் கறுத்திருக்கிறது, மற்றவற்றில் பச்சை பூத்திருக்கிறது. இத்தனை நாளும் தினமும் இரண்டு முறை அந்தச் சுவிட்சைப் போட்ட கை என்னுடையதுதான் என்பதை நினைத்தபோது உடல் நடுங்கிவிட்டது. இப்போது எம்சிபியை இறக்கி வைத்துவிட்டு, உம்மாவுக்கு அடுப்பில் வெந்நீர் போட்டுக் கொடுக்கிறேன்.

தங்கச்சிமடத்து அக்கா சொன்ன வடிப்பை நாளைக் காலையில் செய்யப் போகிறோம். ஒரே ஓர் ஐயம். வடித்த பிறகு எலுமிச்சை உப்பைக் கரைத்துத் தொட்டிக்குள் விட்டு ஊற வைக்கலாமா? குளியலறை கழுவும் ஆசிட்டை நீர்க்க ஊற்றினால் இன்னும் விரைவாகக் கரையும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

உச்சிப்புளி மின்பணியாளர் (ஓய்வு) எழுதியது:

மகளே, அந்தச் சாக்கெட்டை இனி எதற்கும் பயன்படுத்தாதீர்கள், சலவை எந்திரத்துக்கும் கூடாது. உள்ளே கம்பியின் உறையும் வெந்து போயிருக்கும், ஆகவே புதுச் சாக்கெட் மாட்டுபவர் வெந்த பகுதியை வெட்டிவிட்டு நல்ல கம்பியில் இணைக்க வேண்டும். சாக்கெட்டும் பிளக்கும் இரண்டுமே மாற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும். இதற்கு உள்ளூர் மின்பணியாளர் போதும், பத்து நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

கழிவறை ஆசிட் கூடவே கூடாது. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம்; உப்பைக் கரைக்கும் வேகத்தில் காயிலின் உறையையும், உள்பூச்சில் விரிசல் இருந்தால் அதன் வழியே தொட்டியின் இரும்பையும் தின்றுவிடும். எலுமிச்சை உப்பு மென்மையானது என்றாலும், தொட்டிக்குள் மக்னீசியக் கம்பி ஒன்று தொங்குகிறது. தொட்டியின் இரும்பு அரிக்காமலிருக்க அது தன்னைக் கரைத்துக்கொள்ளும்படி வைக்கப்பட்டது. எந்த அமிலத்தைத் தொட்டிக்குள் விட்டாலும் முதலில் கரைவது அந்தக் கம்பிதான், கூடவே ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும். ஊற வைப்பதானால் காயிலை வெளியே எடுத்த பிறகு வாளியில், மின்முனைகள் நனையாமல் ஊற வைக்க வேண்டும். அது ஆள் வரும் அன்று நடக்கட்டும். வருபவரிடம் காயில், கேஸ்கட், மக்னீசியக் கம்பி, சேஃப்டி வால்வு ஆகிய நான்கையும் கொண்டுவரச் சொல்லிவிடுங்கள். ஒன்றுக்காக இராமநாதபுரம் திரும்பினால் உங்களுக்கு இன்னொரு பத்து நாள் ஆகும்.

இராமேசுவரம் விடுதி நடத்துபவர் எழுதியது:

ஆறு அறைகள் கொண்ட சிறு விடுதி நடத்துகிறேன், ஆறு கீசர்கள் இருக்கின்றன. அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நனைந்து, ஈரத்துணியோடு நடுங்கிக்கொண்டு வரும் வயதானவர்கள் முதலில் கேட்பது வெந்நீர். தை அமாவாசைக்கு முந்தைய நாள் ஒரு கீசர் நின்றுவிட்டால் எனக்கு அதைவிடப் பெரிய இக்கட்டு இல்லை. ஆகையால் இந்தப் பொருளில் நிறையப் பட்டிருக்கிறேன்.

இங்கே எல்லோரும் கீசரைச் சரிசெய்வதைப் பற்றியே பேசுகிறோம். சகோதரி எழுதிய 2,400 என்ற அந்த எண்ணைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் கரைந்த உப்புக்கு விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு தண்ணீரே இல்லாதபோது பொறுத்துக்கொள்ளும் உச்ச அளவு 2,000. கடினத்தன்மைக்கு அந்த எண்கள் 200, 600. குடிப்பதற்கான அந்த அளவு கீசருக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்துகிறதோ இல்லையோ, அந்தத் தண்ணீரை அன்றாடம் காய்ச்சினால் புதுக் காயிலிலும் அடுத்த ஆண்டுக்குள் இதே பாட்டு கேட்கும். காயில் உப்பை உண்டாக்குவதில்லை, தண்ணீர் கொண்டுவருகிறது.

நான் செய்தது மிகச் சிறிய ஏற்பாடு. மாடியில் பெரிய தொட்டிக்குப் பக்கத்தில் 300 லிட்டர் சிறு தொட்டி ஒன்றை வைத்து, ஆறு கீசர்களின் உள்வழிக் குழாயையும் அதற்கு மாற்றினேன். அதில் மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரும், மற்ற நாளில் முறை வரும் காவிரித் தண்ணீரும் ஏறும். கழிவறைக்கும் துணி துவைக்கவும் பழையபடி போர் தண்ணீர்தான். வெந்நீரோடு போர் தண்ணீரைக் கலந்துதான் குளிக்கிறார்கள், ஆகவே நல்ல தண்ணீர் அதிகம் செலவாவதில்லை. வீட்டுக்கு ஒரு கீசர் என்றால் நாளொன்றுக்கு இரண்டு மூன்று குடமே போதும். குடிநீரைக் கீசருக்கு விடுவதா என்று சிலருக்கு மனம் வராது. கோடையில் எனக்கும் வருவதில்லை; அப்போது அறைக்கு ஒரு வாளி என்று அளந்து கொடுக்கிறேன்.

தண்ணீரை மென்மையாக்கும் கருவி வாங்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். ஓடு கட்டுவது குறையும், மொத்த உப்பு குறையாது. உப்பு மிகுந்த தண்ணீரில் மின்சாரம் எளிதில் பாய்வதால் மக்னீசியக் கம்பி வேகமாகக் கரைவது அப்படியே தொடரும். எனவே போர் தண்ணீரையே விடுபவர்கள் இரண்டு மூன்று ஆண்டு காத்திராமல் ஆண்டுதோறும் அந்தக் கம்பியைப் பார்க்கச் சொல்ல வேண்டும். நான் கார்த்திகை பிறப்பதற்கு முன் ஆறையும் திறக்கச் சொல்லி, பார்த்த தேதியை அடிமூடியின் உட்புறம் மார்க்கரால் எழுதி வைக்கிறேன்.

சூட்டுக் குமிழை 75-இல் வைக்காமல் 60-இல் வைப்பதும் உதவும். சூடு ஏற ஏறப் படிவும் கூடும்; குளிப்பவர் உடம்பில் ஊற்றுவது 40 டிகிரி அளவில்தான். ஆனால் மிகவும் குறைத்து, வெதுவெதுப்பான தண்ணீரை நாள்கணக்கில் தேக்கி வைக்காதீர்கள், அதில் கிருமி வளரும்.

ஆளுக்காகக் காத்திருப்பதைப் பற்றியும் ஒரு சொல். உங்களிடம் கேட்ட 450 ரூபாய் அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் தெருவில் நான்கு வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் வரச் சொன்னபோது, அவர் முன்னதாகவும் வந்தார், போக்குவரத்துக் கூலியும் பிரிந்தது. இன்னும் உத்தரவாதக் காலம் மிச்சமிருந்தால் அட்டையை எடுத்துப் படித்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். வெளி ஆள் திறந்தால் உத்தரவாதம் செல்லாது என்று சில அட்டைகளில் எழுதியிருக்கும், கடின நீரால் வந்த சேதத்தை ஏற்க மாட்டோம் என்றும் எழுதியிருக்கும்.

கீழக்கரை மகள் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நடந்ததை முழுமையாக எழுதுகிறேன், இதே இரைச்சலோடு இங்கே வருபவர்களுக்கு உதவக்கூடும்.

சாக்கெட்டையும் பிளக்கையும் உள்ளூர் மின்பணியாளர் மறுநாளே மாற்றினார். உள்ளே ஒரு கம்பியின் உறை விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. நான்கு அங்குலம் வெட்டிவிட்டுத்தான் நல்ல கம்பி கிடைத்தது. ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தியபோது அது விழவில்லை, இணைப்பைத் துண்டிக்கவில்லை. நான்கு ஆண்டுகளாக யாரும் அதை அழுத்தியதே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதையும் மாற்றினோம்.

தம்பியும் நானும் சேர்ந்து வடிப்பைச் செய்தோம். துணியில் ஒரு கைப்பிடிக்கு மேல் சில்லு தங்கியது. அக்கா எச்சரித்தபடியே வால்வு முழுதாக மூடாமல் ஒழுகியது. காலை நேரமாக இருந்ததால் தம்பி போய்ப் புதிய வால்வை வாங்கி வந்து, டேப் சுற்றி மாட்டினான். அடிமூடியைத் திறந்து நட்டுகளைப் பார்த்தோம். ஆறில் மூன்று பொரிந்திருந்தன. என்னைக் கேட்காமல் அவனே மூடிவிட்டான்.

பக்கத்தில் இன்னும் இரண்டு வீடுகளைச் சேர்த்துக்கொண்டதால் சர்வீஸ் ஆள் ஐந்தாம் நாளே வந்தார். பொரிந்த நட்டுகளை அவர் ஒரேயடியாகத் திருக்கவில்லை. சூடு காட்டி, எண்ணெய் விட்டு, கால் சுற்று முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்து முக்கால் மணி நேரத்தில் மூன்றையும் முறியாமல் எடுத்தார். காயில் வெளியே வந்தபோது அது காயிலாகவே தெரியவில்லை. என் மணிக்கட்டுத் தடிமனுக்குச் சாம்பல் நிற ஓடு கட்டி, சுற்றுகளுக்கு நடுவில் இடைவெளியே இல்லாமல் அடைத்திருந்தது. ஓரிடத்தில் ஓட்டைத் தட்டியபோது உள்ளே உறை வெடித்து மயிரிழை போல ஒரு கோடு ஓடியிருந்ததைக் காட்டினார். தேய்த்து மாட்டினாலும் அது பயன்படாது என்பதால் புதிய காயில் போட்டோம். மக்னீசியக் கம்பி இருந்த இடத்தில் நடுவிலுள்ள இரும்புக் கம்பி மட்டும் மெலிந்து நின்றது. காயில், கேஸ்கட், மக்னீசியக் கம்பி, கூலி எல்லாம் சேர்த்து 2,150 ரூபாய் ஆயிற்று. கடைசியில் மெகர் வைத்துச் சோதித்து, எண்ணை எனக்குக் காட்டிய பிறகுதான் சுவிட்சைப் போட விட்டார்.

இப்போது சுவிட்சைப் போட்டால் ஓசையே இல்லை. உம்மா, கரண்ட் இல்லையா என்று கேட்டார். குமிழை 60-இல் வைத்திருக்கிறேன், இரண்டு வாளியும் நிறைகின்றன. மாடியில் சிறு தொட்டி வைக்கும் யோசனையைக் கணவரிடம் சொல்லியிருக்கிறேன். குழாய் மாற்றும் செலவைக் கேட்டிருக்கிறார். அதுவரை காவிரித் தண்ணீர் வரும் நாளில் இரண்டு குடம் எடுத்து அடுப்பிலும், மற்ற நாளில் கீசரிலுமாகச் சமாளிக்கலாம் என்றிருக்கிறோம். விடுதி நடத்தும் அண்ணன் அந்தச் சிறு தொட்டியிலிருந்து கீசருக்கு எத்தனை அங்குலக் குழாய் போட்டார், இரண்டு தொட்டித் தண்ணீரும் குளியலறைக் கலப்புக் குழாயில் ஒன்றுக்குள் ஒன்று ஏறிவிடாமல் எங்கே நான்-ரிட்டர்ன் வால்வு வைத்தார் என்று மட்டும் எழுதினால், பிளம்பரிடம் அதையே காட்டிவிடுவேன்.

இராமேசுவரம் விடுதி நடத்துபவர் எழுதியது:

முக்கால் அங்குலக் குழாய், சகோதரி. கலப்புக் குழாய்க்குப் போகும் போர் தண்ணீர் இணைப்பில் ஒன்றும், வெந்நீர் இணைப்பில் ஒன்றுமாக இரண்டு நான்-ரிட்டர்ன் வால்வுகள் வைத்தேன். இரண்டு தொட்டிகளின் அடிமட்டமும் ஒரே உயரத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் குளிக்கும்போது சூடும் குளிரும் மாறி மாறி வரும். சிறு தொட்டி காலியாகும்போது கீசரை அணைத்துவிடும்படி வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். எங்கள் மூன்றாம் எண் அறையின் காயில் அப்படித்தான் எரிந்து போனது.

உச்சிப்புளி மின்பணியாளர் (ஓய்வு) எழுதியது:

மகளே, பழைய காயிலைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். பக்கத்து வீட்டில் அடுத்து யாராவது ஆசிட் பாட்டிலை எடுக்கும்போது அந்த மயிரிழைக் கோட்டைக் காட்டலாம்.